கடையை மூடியும் வேலை முடியலையா? தையல் கடைக்காரங்களுக்கு ஒரு ரிப்பேர் குறிப்பு

ஈரோட்டுல லேடீஸ் டெய்லரிங் கடை போட்டு 14 வருஷம் ஆச்சுங்க. அதுல முதல் 11 வருஷம் காலைல 9 மணிக்கு ஷட்டரை தூக்கினா ராத்திரி 10, 11 ஆயிடும், தீபாவளி நேரம்னா 2 மணி கூட ஆகும். இப்ப 10-ல இருந்து 6.30 வரைக்கும்தான், ஞாயித்துக்கிழமை முழுசா லீவு. என்னை மாதிரி ஒத்தை ஆளா, இல்ல ஒரு ஹெல்பரோட கடை நடத்தறவங்க எப்படிக்கா முடிஞ்சுதுன்னு கேட்டுட்டே இருக்கறதால ஒரே தடவையா எழுதிடறேன்.

மெஷின் மக்கர் பண்ணினா நாம எப்படி பாப்போம்? நூல் அறுந்தா டென்ஷனை பாப்போம், தையல் விட்டு விட்டு விழுந்தா ஊசியை மாத்துவோம், அடில கொசகொசன்னு நூல் சிக்கினா பாபினை கழட்டுவோம். எதுக்கு எது காரணம்னு தெரியாம மெஷினை மொத்தமா பிரிச்சு போட மாட்டோம்ல. அதே மாதிரி உங்க கடைல என்ன தொந்தரவு இருக்கோ நேரா அங்க போய் படிங்க, எல்லாத்தையும் படிக்கணும்னு இல்ல. வேற தொழில் பண்றவங்களும் படிக்கலாம், ஜாக்கெட்டுன்னு இருக்கற இடத்துல உங்க சரக்கை போட்டுக்கோங்க.

முதல்ல ஒரு வாரம் எதையும் மாத்தாதீங்க

மெஷின் பக்கத்துல ஒரு பழைய நோட்டு வைங்க. பெடல்ல இருந்து காலை எடுக்கற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு, பக்கத்துல எதுக்குன்னு ஒரு எழுத்து. ஆள் வந்தா ஆ, போன்னா போ, தேடினா தே, பழசை பிரிச்சு தைச்சா பி. அவ்ளோதான். மணி கணக்கு எழுதணும்னு உக்காந்தீங்கன்னா ரெண்டாவது நாளே விட்டுடுவீங்க, கோடு போடறது ஈஸி.

எனக்கு ஒரு புதன்கிழமை என்ன வந்துச்சுன்னா, கடைல இருந்தது 13 மணி நேரம், மெஷின்லயும் கட்டிங் டேபிள்லயும் கை வச்சது அஞ்சரை மணி நேரம். கோடு 41. அதுல 17 பேர் துணி கொடுக்கவும் வரல வாங்கவும் வரல, “அக்கா ரெடிங்களா?”ன்னு கேட்டுட்டு போனவங்க. போன் 9, தேடினது 8, ஆல்ட்ரேஷன் 4, மிச்சம் 3 சில்லறை சமாச்சாரம். அன்னைக்கு ராத்திரி அந்த நோட்டை பாத்துட்டு கொஞ்ச நேரம் பேச்சே வரலைங்க. கை வேகம் பத்தலைன்னு 11 வருஷமா என்னையே திட்டிட்டு இருந்திருக்கேன், நேரம் போனது மெஷின்ல இல்ல, வாசல்ல.

“ஷட்டரை 8 மணிக்கே இறக்கிடறேன், ஆனா உள்ள உக்காந்து 11 வரைக்கும் தைக்கறேன்”

இதுக்கு காரணம் எப்பவும் ஒன்னே ஒன்னுதான், தேதி. ஒரு பொண்ணு வருது, பட்டு சேலை பிட்டை டேபிள்ல வைக்குது, “வெள்ளிக்கிழமை ஃபங்ஷன்க்கா, வியாழக்கிழமை கொடுத்துருங்க”ன்னு சொல்லுது, நம்ம வாய் “சரி கண்ணு வாங்கிக்கலாம்”னு சொல்லிடுது. பின்னாடி ரேக்குல எத்தனை தொங்குதுன்னு வாய்க்கு தெரியாது. வியாழக்கிழமைன்னு இதே மாதிரி இன்னும் ஒன்பது பேர்கிட்ட சொல்லியிருப்போம். அப்புறம் எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கினா என்ன பத்து மணிக்கு இறக்கினா என்ன, அந்த பத்து ஜாக்கெட்டை நாமதானே தைச்சாகணும்.

சரி பண்றது எப்படின்னா, ஒரு நாளுக்கு ஒரு பக்கம் இருக்கற டயரி வாங்குங்க. உங்களால தூங்கி எழுந்து, மதியம் சோறு தின்னுட்டு, நிதானமா ஒரு நாளைக்கு எத்தனை முடியும்னு உண்மையான நம்பரை எடுங்க. தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு நாள் 11 தைச்சேன்ங்கற நம்பர் இல்ல, சாதாரண செவ்வாய்க்கிழமை நம்பர். ஹெல்பரோட சேர்ந்து எனக்கு லைனிங் ஜாக்கெட் 5. ஒவ்வொரு பக்கத்துலயும் 1-ல இருந்து 5 வரைக்கும் நம்பர் போட்டு, 4 வரியை மட்டும் ஆர்டருக்கு விடுங்க, அஞ்சாவது வரி காலியா இருக்கட்டும். கரண்ட் போகும், ஹெல்பர் வர மாட்டா, யாருக்காவது கை டைட்டா இருக்கும், அதுக்கெல்லாம் அந்த வரி. துணி வாங்கும்போதே டயரியை கஸ்டமர் பக்கம் திருப்பி வச்சு, காலி வரி எந்த நாள்ல இருக்கோ அதுல பேரை எழுதுங்க. இது ரொம்ப முக்கியம், அவங்களே பாக்கணும். நாம முடியாதுன்னு சொன்னா கோவிச்சுக்கறவங்க, பக்கம் ரொம்பி இருக்கறதை பாத்தா “அடேங்கப்பா இவ்ளோ இருக்கா”ன்னு அவங்களே அடுத்த பக்கத்தை புரட்டறாங்க.

ஆரம்பிக்கற அன்னைக்கு ரேக்குல ஏற்கனவே நிலுவை தொங்கும்ல, அதை எண்ணுங்க. எனக்கு 48 இருந்துச்சு, நாளைக்கு 4ன்னா 12 வேலை நாள், அதனால புது ஆர்டரோட முதல் தேதி 13-வது நாள். அந்த ரெண்டு வாரம்தான் கஷ்டம், அப்ப மட்டும் பழையபடி லேட்டா உக்காந்தீங்கன்னா இன்னும் சீக்கிரமா முடிஞ்சுடும்.

அர்ஜென்ட்டுன்னு நிப்பாங்களே? அஞ்சாவது வரி காலியா இருந்தா கொடுங்க, 150 ரூபா எக்ஸ்ட்ரா. இந்த ரேட்டை எழுதி ஒட்டினதும் பாதி பேருக்கு அர்ஜென்ட் காணாம போயிடுச்சு, “அடுத்த வாரம் கூட பரவால்லைங்க்கா” ஆயிடுச்சு.

“பத்து நிமிஷம் சேர்ந்தாப்ல தைக்க முடியல”

மேல சொன்ன 17 “ரெடிங்களா” இங்கதான் வருது. ஒருத்தர் வந்துட்டு போக ரெண்டு நிமிஷம்னு நினைக்காதீங்க, கைக்குழி சேர்க்கறப்ப எழுந்து போனா திரும்பி வந்து எந்த கை எந்த பக்கம்னு பாத்து உக்கார இன்னும் அஞ்சு நிமிஷம்.

நேரம் பிரிச்சேன். காலைல 10 - 11.30, சாயங்காலம் 5 - 6.30, இந்த ரெண்டுலதான் துணி வாங்கறதும் கொடுக்கறதும். நடுவுல ஷட்டர் பாதி இறங்கி இருக்கும். முதல் மாசம் குனிஞ்சு உள்ள வந்தவங்க நிறைய, அவங்களை திட்டல, “சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க, நிதானமா பேசலாம்”னு மட்டும் சொன்னேன், ஆனா எழுந்திரிக்கல. எழுந்திரிச்சா போச்சு.

போனுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் போதும், காசு கிடையாது. அதுல கடை நேரம் போட்டு வைக்கலாம், கடை மூடின நேரத்துல மெசேஜ் வந்தா தானா ஒரு பதில் போற மாதிரி வைக்கலாம், அடிக்கடி அடிக்கற பதிலை சேவ் பண்ணி ஒரு சாய்வு கோடு போட்டா வந்து நிக்கற மாதிரியும் பண்ணலாம். இதுல எனக்கு பெருசா உதவினது எதுன்னா ரொம்ப சாதாரணமானது: ஜாக்கெட் முடிஞ்சு ஹூக் கட்டினதும் ஒரு போட்டோ எடுத்து “ரெடி, 5 மணிக்கு மேல வாங்க”ன்னு அனுப்பறது. போட்டோ வந்தா வர்றாங்க, வரலைன்னா ரெடி ஆகலைன்னு அவங்களுக்கே தெரியும். ஒரு மாசத்துல அந்த 17 வந்து 4, 5-ல நின்னுச்சு. வாட்ஸ்அப் இல்லாத பெரியவங்களுக்கு ஹெல்பர் பொண்ணு அஞ்சு மணிக்கு வரிசையா போன் போட்டு சொல்லிடும்.

வீட்டு நம்பரும் கடை நம்பரும் ஒன்னா இருந்தா இன்னைக்கே ரெண்டாவது சிம் வாங்கிடுங்க. இதை நான் ரெண்டு வருஷம் தள்ளி போட்டேன்.

“தைக்கறதை விட தேடறதுதான் ஜாஸ்தி”

அளவு ஜாக்கெட் எங்க, லைனிங் எங்க, அந்த மாம்பழ கலர் நூல் எங்க. ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவர் மொத்தமா வாங்கி, ஒரு ஆர்டருக்கு ஒரு கவர், உள்ள பிட், அளவு ஜாக்கெட், லைனிங், நூல், ஹூக், பில் எல்லாம். கவர் முழுசா ரொம்பாம கட்டிங் டேபிளுக்கு போகக்கூடாது, இது ஒரே சட்டம்.

லைனிங் துணிக்காக வாராவாரம் கனி மார்க்கெட் பக்கம் ஓடிட்டு இருந்தேன், செவ்வாய்க்கிழமை சந்தை கூட்டத்துல போயிட்டு வர்றதுக்குள்ள அரை நாள் காலி. இப்ப மாசத்துக்கு ஒரு தடவை, ஓடற கலர் 24 மட்டும் எடுத்து கடைல வச்சுக்கறேன். வாங்கிட்டு வந்ததும் மொத்தத்தையும் தண்ணில நனைச்சு காய வச்சுடுவேன். ஏன்னு அடுத்ததுல சொல்றேன்.

“கொடுத்தது திரும்பி திரும்பி வருது”

ஒரு மாசம் ஆல்ட்ரேஷனுக்கு வந்ததெல்லாம் ஏன் வந்துச்சுன்னு எழுதி பாருங்க. எனக்கு மூணே காரணம்தான். ஒன்னு, நனைக்காத காட்டன் லைனிங். முதல் துவையல்ல லைனிங் சுருங்கும், மேல பட்டோ சிந்தெடிக்கோ அப்படியே நிக்கும், “ஒரு தடவைதான்க்கா துவைச்சேன், புடிக்குது”ன்னு கொண்டு வருவாங்க. நாம அளவை தப்பா எடுத்துட்டோம்னு பிரிச்சு விடுவோம், ஆனா தப்பு அளவுல இல்ல.

ரெண்டாவது அளவு ஜாக்கெட். மூணு வருஷம் முன்னாடி தைச்சதை கொடுத்துட்டு “இதே மாதிரி, ஆனா கழுத்து கொஞ்சம் இறக்கி, கை கொஞ்சம் டைட்டா, உயரம் அரை இஞ்சு கூட”ன்னு சொன்னா அது என்ன அளவு? அது அளவே இல்ல, கதை. புது கஸ்டமர் யாரா இருந்தாலும் டேப் வச்சு உடம்புல எடுங்க, ஷோல்டர், கைக்குழி, மேல் மார்பு, நடு மார்பு, இடுப்பு, டாட் பாயிண்ட், முன் கழுத்து, பின் கழுத்து, கை நீளம், கை சுத்து, உயரம். பேருக்கு ஒரு பக்கம் போட்டு தேதியோட எழுதி வைங்க, அடுத்த தடவை போன்லயே ஆர்டர் எடுக்கலாம். எட்டு நிமிஷம் ஆகுதுன்னு இதை ரொம்ப நாள் பண்ணாம விட்டேன், பிரிச்சு தைக்க முக்கால் மணி நேரம் ஆகறதை கணக்குல சேர்க்கவே இல்ல.

மூணாவது உள்ள துணி விடாம வெட்டறது. பக்கவாட்டுல ஒரு இஞ்சு விடுங்க, எப்ப வந்தாலும் அஞ்சு நிமிஷத்துல ஒரு தையலை பிரிச்சு அனுப்பிடலாம். முதல் தடவை ஃப்ரீ, பத்து நாளுக்கு அப்புறம் வந்தா 50 ரூபான்னு பில்லுலயே அடிச்சுடுங்க.

“ஹெல்பர் போட்டும் என் நேரம் குறையல”

நீங்க ஒன்னு வெட்டி கொடுக்கறீங்க, அவ அதை தைக்கறா, முடிச்சுட்டு “அடுத்து என்னக்கா”ன்னு நிக்கறா, நீங்க உங்க தையலை விட்டுட்டு அடுத்ததை வெட்டறீங்க. ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருக்கறதுதான் நடக்குது. காலைல ஷட்டர் திறந்ததும் அன்னைக்கு டயரில இருக்கற எல்லாத்தையும் ஒரே மூச்சுல வெட்டிடுங்க, கவுன்டர்ல ஆள் வந்தாலும் கட்டிங் நடுவுல பேசிக்கலாம். நூல் கலர் ஒத்துப்போறதை பக்கத்து பக்கத்துல அடுக்குங்க.

ஹெம்மிங், ஹூக், ஃபால்ஸ் இதெல்லாம் பக்கத்து வீதில வீட்டுல இருக்கற அக்காங்களுக்கு பீஸ் ரேட்ல கொடுத்துடுங்க. மதியம் சீரியல் பாத்துட்டே நான் கட்டறதை விட நேர்த்தியா கட்டறாங்க, சத்தியமா சொல்றேன். கட்டிங்கையும் ஷோல்டர் சேர்க்கறதையும் மட்டும் கைவிடாதீங்க, கடை பேரே அதுலதான் நிக்குது. ஹெல்பர் தைச்சது நீங்க தைச்ச மாதிரி இருக்காதுங்கறதை ஏத்துக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு, உள்பக்கம் கொஞ்சம் கோணலா ஓடின தையலை ராத்திரி அவ போனப்புறம் பிரிச்சுட்டு உக்காந்திருப்பேன். ஒரு கஸ்டமரும் அதை பாத்ததே இல்ல.

இன்னொன்னு. தமிழ்நாடு கடைகள் சட்டம்னு 1947-ல போட்டது ஒன்னு இருக்கு, வேலை பாக்கறவங்களுக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, நாலு மணி நேரத்துக்கு மேல ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்காம வேலை வாங்கக்கூடாதுன்னு சொல்லுது. 2021-ல உக்கார சீட் கொடுக்கணும்னும் சேர்த்தாங்க. ஹெல்பருக்கு இதெல்லாம் ஒழுங்கா பண்ணிட்டு இருந்தேன், அவ ஒரு மணிக்கு டிபன் பாக்ஸை திறந்தா நான் மெஷின்ல உக்காந்துட்டே ரெண்டு வாய் போட்டுக்குவேன். நம்ம கடைல கேக்க ஆளில்லாத தொழிலாளி நாமதான். இப்ப ஒன்னு டு ரெண்டு நானும் கீழ பாய் போட்டு அவகூட உக்காந்துதான் சாப்பிடறேன்.

“நேரத்தை குறைச்சா காசு குறையுமே”

குறையும், ரேட்டை தொடாம இருந்தா. என் கணக்கை அப்படியே போடறேன். லைனிங் ஜாக்கெட் 400 ரூபா, அதுல லைனிங், ஹூக், நூல், ஹெம்மிங் கூலி எல்லாம் 110 போயிடும், கைல 290. மாசத்துக்கு 120 தைச்சா 34,800. ரேட்டை 460 ஆக்கினேன், கைல 350, மாசம் 100 தைச்சாலே 35,000. அந்த 20 ஜாக்கெட்டுக்கு ஒன்னே கால் மணி நேரம்னு வச்சா மாசத்துக்கு 25 மணி நேரம் மிச்சம், வாடகையும் ஹெல்பர் சம்பளமும் ரெண்டுலயும் ஒன்னுதான்.

ஆனா பேப்பர்ல வந்த மாதிரி உடனே வரல, அதையும் சொல்லணும். ரேட் ஏத்தின முதல் மாசம் 78தான் வந்துச்சு, 7,500 ரூபா குறைஞ்சுது. வீட்டுல “உனக்கு எதுக்கு இந்த வேலை”ன்னு ஒரு பார்வை. பழைய ரேட் போர்டை தூக்கி போடாம ரேக்குக்கு பின்னாடி வச்சிருந்தேன், ரெண்டு தடவை எடுத்து துடைச்சு கூட பாத்தேன். மூணாவது மாசம் 100-ஐ தொட்டுச்சு. போனவங்கள்ல பாதி பேர் வேற கடைல கைக்குழி சுருக்கம் விழுந்து திரும்பி வந்தாங்க, மீதி பேர் வரல, வராதவங்கள்ல பேரம் பேசி அரை மணி நேரம் நிக்கறவங்கதான் அதிகம். அதனால ரெண்டு மாச வாடகை கைல இல்லாம ரேட்டுல கை வைக்காதீங்க. ஏத்தறதுன்னா தை மாசம் முகூர்த்தம் ஆரம்பிக்கறப்ப ஏத்துங்க, ஆடில ஏத்தாதீங்க.

“ராத்திரி சோறு தின்னுட்டு கணக்கு எழுதறேன்”

தைக்கற கூலி மட்டும் வாங்கறவங்களுக்கு வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ளன்னா ஜிஎஸ்டி பதிவே தேவையில்ல, யாரோ சொன்னாங்கன்னு எடுத்துட்டு மாசாமாசம் ரிட்டன் போட்டுட்டு இருக்காதீங்க. பக்கத்துல மேட்சிங் சென்டர் வச்சிருக்கற அண்ணன் மாதிரி பதிவு கட்டாயம் வேணும்னா, 5 கோடிக்குள்ள விற்பனை உள்ளவங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிட்டன் போடற முறைக்கு மாறிக்கலாம், பணம் மட்டும் மாசாமாசம் கட்டணும். ஒன்றரை கோடிக்குள்ளன்னா காம்போசிஷன்னு ஒரு சுலபமான ஜிஎஸ்டி முறை இருக்கு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை கட்டி வருஷத்துக்கு ஒரு ரிட்டன், ஆனா கஸ்டமர்கிட்ட வரி வசூல் பண்ண முடியாது, வாங்கின சரக்கோட வரியையும் கழிக்க முடியாது. ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு மாறுங்க.

“சீசன் வந்தா எல்லாம் பழையபடி தலைகீழாகுது”

ஆகும். முழுசா சரி பண்ண எனக்கும் தெரியல. ஜூன்ல ஸ்கூல் யூனிஃபார்ம், ஆவணில கல்யாணம், அப்புறம் தீபாவளி, பொங்கல். தீபாவளிக்கு 20 நாள் முன்னாடியே டயரி பக்கம் ரொம்பிடும், ரொம்பின அன்னைக்கே “தீபாவளி ஆர்டர் முடிந்தது”ன்னு ஷட்டர்ல எழுதி ஒட்டிடறேன், தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாருக்கும் ஒன்னுதான். என் நாத்தனாருக்கே சொல்லிட்டேன், அது தனி கதை. அந்த மூணு வாரம் மட்டும் 8.30 வரைக்கும், அதுக்கு மேல இல்ல. பதிலுக்கு ஆடி முதல் வாரம் அஞ்சு நாள் கடையே கிடையாது, அப்ப வர்றதே கம்மி, திறந்து வச்சு வாசலை பாத்துட்டு உக்காந்திருக்கறதுக்கு ஊருக்கு போயிட்டு வரலாம்.

கரண்ட்டு ஆபீஸ்ல மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9-ல இருந்து சாயங்காலம் வரைக்கும் நிறுத்துவாங்கல்ல, முந்தின நாள் பேப்பர்ல வந்துடும். முன்னாடி அன்னைக்கு கால் மெஷின்ல உக்காந்து மிதிச்சுட்டு இருப்பேன், முட்டி வலிதான் மிச்சம். இப்ப அதுவும் லீவு, டயரில அந்த பக்கத்துல குறுக்க ஒரு கோடு.

இதுல எதுவும் உங்களுக்கு சேரலைன்னா

குழுக்கடன் வாரத்தவணை கழுத்தை பிடிக்குதுன்னாலோ, வர்றதுல பாதி வாடகைக்கே போகுதுன்னாலோ இப்ப நேரத்துல கை வைக்காதீங்க. கடனை அடைக்கற வழியை, இல்ல சின்ன கடைக்கு மாறற வழியை முதல்ல பாருங்க, அதுவரைக்கும் டயரியும் கவரும் மட்டும் போதும், ரெண்டுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபா ஆகாது. மத்தவங்களும் எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, முதல்ல டயரி, ஒரு மாசம் கழிச்சு நேரம் பிரிக்கறது, ரேட் கடைசில.

ஏதாவது விட்டுப்போயிருந்தா வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு மேல கேளுங்க. நாளைக்கு எங்க ஏரியா ஷட்டவுன், கடை லீவு.